கண்ட இடத்திலேயே சித்திரம்

(சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



சித்திரத்தைப் பற்றிப் பேசும்படி செயற்குழுவினர் கேட்டுக்கொண்டார்கள். சீகிரியாவையும் அஜந்தாவையும் பற்றிக் கேட்கலாம் என்று வந்தவர்கள் எம்மைப் பொறுத்தருள வேண்டும். நாம் பேச வந்தது அவ்வளவு பெரிய விஷயமன்று. சந்தைக்குப் போகும்போதும், அக்கரைப்பற்று பஸ்ஸுக்குக் காத்து நிற்கும்போதும், கதிர்காம யாத்திரையின்போதும் கையில் ஒரு கொப்பியும் பேனையும் வைத்துக்கொண்டு, கண்ணெதிரே உள்ளதை அந்த இடத்தில் இருந்தபடியே கீறுவதைப் பற்றித்தான் பேச வந்தோம். வீட்டுக்கு வந்து நினைவிலிருந்து கீறுவதன்று; புகைப்படத்தைப் பார்த்துக் கீறுவதுமன்று. 'நாம்' என்று சொல்வது மேடை மரியாதைக்காகவும் அன்று. சங்கத்து வாலிபர் எட்டுப் பேர் ஓராண்டாகச் சேர்ந்தே இதைச் செய்துவருகிறோம். பேசுகின்ற வாய் ஒன்று, கொப்பிகள் எட்டு.

நாம் மிஷன் பாடசாலையிற் படித்தவர்கள். அங்கே சித்திர பாடம் ஒழுங்காக நடந்தது. அதைக் குறை சொல்ல வரவில்லை. ஆனால் இந்த நாட்டில் எந்தப் பாடசாலைக்குப் போய்ச் சின்னப் பிள்ளையிடம் "ஒரு காட்சி கீறு" என்று சொன்னாலும் ஒரே படந்தான் வரும். இரண்டு முக்கோண மலை, அவற்றுக்கு நடுவே அரைவட்டச் சூரியன், அடியில் ஓர் ஆறு, கரையில் வளைந்த தென்னை, வானத்தில் நாலு பறவை. கோமாரியில் எந்த மலைக்கு நடுவே சூரியன் உதிக்கிறது? அது கடலில் உதிப்பதை நாம் நாள்தோறும் பார்க்கிறோம். நமக்கு வடக்கே சிறிது தூரத்தில் உள்ள சங்கமன்கண்டி முனைதான் இலங்கையின் கிழக்கெல்லை. இந்த நாட்டின் நிலத்தில் சூரியனைக் காண்பதில் நமக்கு முந்தியவர் அதிகம் பேர் இல்லை. அப்படியிருந்தும் இந்த ஊர்ப் பிள்ளையின் கொப்பியிலும் இரண்டு மலை நிற்கிறது. பிள்ளையின் கண்ணில் குறையில்லை. கண்ணைக் கேளாமல் கை கீறப் பழகிவிட்டது, அவ்வளவுதான். சித்திரம் கைப்பழக்கம் என்று ஔவையார் சொல்லிவைத்தார். அந்தக் கை எதைப் பழகுகிறது என்பதையும் பார்க்க வேண்டும்.

இலங்கையை வந்து பார்த்து, இருந்த இடத்திலேயே கீறியவர்கள் பலர் உண்டு. 1785, 1786ஆம் ஆண்டுகளில் ஜான் பிராண்டஸ் என்ற லுத்தரன் போதகர் இங்கே தங்கினார். ஒல்லாந்த தேசாதிபதி கண்டித் தூதுவர்களை வரவேற்ற சபையைக் கீறினார். வீட்டுக் காட்சிகளையும் பூச்சிகளையும் பறவைகளையும் அதே கவனத்தோடு கீறினார். அவருடைய சித்திரத் தொகுதிகள் இன்று ஆம்ஸ்டர்டாம் நகரத்து நூதனசாலையில் இருக்கின்றன. பின்பு 1846இல் பெல்பாஸ்ட் நகரத்தவரான அன்ட்ரூ நிக்கல் என்பவர் கொழும்பு அக்கடமிக்குச் சித்திர ஆசிரியராக வந்தார். அந்த அக்கடமிதான் இன்றைய றோயல் கல்லூரி. அவர் 1848இல் பொலன்னறுவை, அநுராதபுரம் வழியாக ஐந்து வாரம் காடுகளூடே கீறிக்கொண்டே பிரயாணம் செய்தார். மாத்தளையில் கிளர்ச்சி எழுந்ததும் அந்த ஆண்டிலேதான். துவக்குச் சத்தம் கேட்கக்கூடிய காலத்தில் இடிந்த தாதுகோபத்தின் முன் பென்சிலோடு உட்கார்ந்த அந்த மனிதரை என்னவென்று சொல்வது! அவருடைய சித்திரங்கள் பல, எமர்சன் டெனன்ட் 1859இல் வெளியிட்ட இலங்கை பற்றிய பெருநூலில் இடம்பெற்றன. பறங்கியர் சமூகத்தவரான வான் டோர்ட் என்பவரும் தம் காலத்துத் தெருக்களையும் வண்டில்களையும் மனிதரையும் கீறிவைத்தார். அவர் 1898இல் காலமானார்.

இவர்களுள் வான் டோர்ட் ஒருவரே இந்த மண்ணிற் பிறந்தவர். மற்றவர்கள் வந்தார்கள், கீறினார்கள், போனார்கள். அதிற் குற்றமில்லை, அவர்கள் கீறியிராவிட்டால் நமக்கு அதுவும் இல்லை. ஆயினும் போகிறவன் கண்ணுக்கு இடிந்த கோபுரமும் யானையும் நீர்வீழ்ச்சியுந்தான் முதலில் தெரியும். நம் களப்பில் வலை வீசுகிறவர் காலை எத்தனை மணிக்கு இறங்குவார், எந்தக் கையில் வலையை மடித்துப் பிடிப்பார் என்பது ஊரில் இருப்பவனுக்குத்தான் தெரியும். இப்பொழுதும் அறுகம்பைக்கு வருகிற வெளிநாட்டுப் பிரயாணிகளிற் சிலர் கடற்கரையில் கொப்பியை விரித்து உட்காருகிறார்கள். நம்மவர் சுற்றி நின்று வேடிக்கை பார்க்கிறோம். பார்த்து முடிந்ததும் நாமும் ஒரு கொப்பி வாங்கியிருக்கலாம்.

நாட்டிற் பிறந்தவர் ஒருவர் செய்த வேலையை இங்கே விரித்துச் சொல்ல வேண்டும். எல். ரி. பி. மஞ்சுசிறி என்பவர் 1902இற் பிறந்தவர். சிறு வயதிலேயே பௌத்த பிக்குவானவர், சாந்திநிகேதனத்திலும் பயின்றவர். அவர் விகாரை விகாரையாகச் சென்று, சுவர்ச் சித்திரங்களின்முன் இருந்து, அவற்றைப் பார்த்துப் பிரதி செய்தார். பலருக்கு அது வீண்வேலையாகத் தோன்றியிருக்கும். சுவரிலே படம் இருக்கும்போது கடதாசியில் எதற்கு? ஆனால் சுவர் நிரந்தரமன்று. சில இடங்களில் மழைநீர் இறங்கிற்று. சில இடங்களில் பழைய சித்திரத்தின் மேலேயே புதுச்சாயம் பூசினார்கள். அவர் பிரதி செய்தவற்றுட் பல இன்று சுவரில் இல்லை. அவருடைய கடதாசியில் மட்டும் இருக்கின்றன. 1943இல் தொடங்கிய '43 குழு' என்ற ஓவியர் கூட்டத்தில் அவரும் ஒருவர். 1979இல் மக்சேசே விருது பெற்றார். 1982இல் மறைந்தார்.

இதே காரியத்தைத் தமிழ்நாட்டுக் கோயில்களிலே செய்தவரைப் பெரியோர்களிற் பலர் அறிவீர்கள். ஆனந்த விகடனில் வந்த 'தென்னாட்டுச் செல்வங்கள்' என்ற வரிசையைப் பார்த்தவர்கள் சில்பியை மறந்திருக்க மாட்டார்கள். அவருடைய இயற்பெயர் சீனிவாசன். நாமக்கல்லில் 1919இற் பிறந்தவர். சென்னை ஓவியப் பாடசாலையில் ராய் சௌத்ரியிடம் பயின்றவர். சில்பி என்ற பெயரை மாலி வைத்தார். கோயில் கோயிலாகச் சென்று சிற்பத்தின் முன் அமர்ந்து, அங்கேயே கீறினார். ஆபரணத்தின் ஒரு மணியையும் விடாமல், கல்லில் உடைந்த விரல் உடைந்தபடியே தெரியக் கீறினார். கோயிலுக்குப் போய்க் கும்பிட்டுவிட்டு ஐந்து நிமிடத்தில் திரும்புகிற நம்மில் எத்தனை பேர் ஒரு தூணையாவது அப்படிப் பார்த்திருக்கிறோம்?

மதுரையைக் கீறிய மனோகர் தேவதாசையும் சொல்லாமல் விட முடியாது. 1936இல் மதுரையிற் பிறந்தவர். பார்வையைச் சிறிது சிறிதாகத் தின்றுவிடும் விழித்திரை நோய் அவருக்கு வந்தது. கண் சுருங்கச் சுருங்கவும் மையும் பேனையும் கொண்டு கோபுரங்களையும் தெருக்களையும் நுணுக்கமாகக் கீறினார். 2020இல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது; 2022இல் காலமானார். முழுக்கண் வைத்துக்கொண்டு நாம் "நேரமில்லை" என்கிறோம்.

அண்மைக் காலத்தில் இது உலகளாவிய ஓர் இயக்கமாகவே வளர்ந்திருக்கிறது. அமெரிக்காவின் சியாட்டில் நகரத்துப் பத்திரிகையாளர் கப்ரியேல் காம்பனாரியோ, ஸ்பெயினிற் பிறந்தவர், 2007இல் தம்மைப் போலத் தெருவில் இருந்து கீறுகிறவர்களை இணையத்தில் ஒன்றுசேர்த்தார். 'அர்பன் ஸ்கெச்சர்ஸ்' என்று பெயர். 2010இல் போட்லண்ட் நகரில் முதல் மாநாடு கூடினார்கள். அவர்களுக்குச் சில விதிகள் உண்டு: இருந்த இடத்திலேயே கீறுக, நேரிற் கண்டதைக் கீறுக, கண்டதற்கு உண்மையாக இருக்க, எந்தக் கருவியாலும் கீறுக. பெயரிலே நகரம் இருந்தாலும் கிராமத்தான் கீறக்கூடாது என்று அவர்கள் சொல்லவில்லை.

இனி நம் கரைக்கு வருவோம்.

எம்மிடம் உள்ள கருவிகள் எளியவை. கடையில் வாங்கிய கோடில்லாக் கொப்பி, நீலமோ கறுப்போ ஒரு பேனை. பென்சிலும் அழிறப்பரும் முதலில் வைத்திருந்தோம். பின்பு அழிறப்பரை வீட்டில் விட்டோம். அழிக்க முடியாது என்றால் கோடு போடுமுன் கண் இரண்டு தரம் பார்க்கிறது. ஒவ்வொரு பக்கத்தின் மூலையிலும் திகதி, நேரம், இடம் எழுதுவது எம்முள் கட்டாயம். காற்று எந்தப் பக்கம் என்றும் எழுதுகிறோம். கச்சான் காற்று வீசும் நாளில் கொப்பியை முழங்காலால் அழுத்திக்கொண்டு கீற வேண்டும்; மணல் வந்து மையோடு ஒட்டும். அந்த மணலும் பக்கத்திலேயே கிடக்கிறது.

கடற்கரையிற் கீறப் போகிறவர்களுக்கு ஒரு விஷயம். நம் கரையில் காலையிற் சூரியன் தோணிக்குப் பின்னால் நிற்கும். ஊர்ப்பக்கம் இருந்து பார்த்தால் தோணி முழுவதும் கறுப்பாய், விளிம்பு மட்டும் பளிச்சென்று தெரியும். சாயங்காலம் சூரியன் நம் முதுகுப் பக்கம் வந்துவிடும். அதே தோணியின் நிறம், எழுத்து, ஒட்டுப்போட்ட பலகை எல்லாம் தெரியும். ஒரே தோணியை இரண்டு வேளையும் கீறிப் பார்த்தால் இரண்டு தோணி என்றே ஒருவர் சத்தியம் செய்வார்.

கரைவலை இழுப்பதைக் கீறுவதுதான் எமக்கு மிகவும் பிடித்த வேலை. இரண்டு பக்கத்திலும் கயிறு பிடித்து ஆட்கள் பின்னோக்கிச் சாய்ந்து இழுப்பார்கள். தனித்தனி ஆளாகக் கீறப் போனால் நாலாவது ஆளுக்கு வரும்போது முதலாம் ஆள் இடம் மாறிவிடுவார். ஆகையால் முதலில் அந்தச் சாய்வை ஒரே கோடாகப் போட வேண்டும். எல்லாருடைய முதுகும் ஏறத்தாழ ஒரே சாய்வில் இருக்கும். கயிற்றின் பாரம் அப்படிச் சாய்க்கிறது. தலைகளைப் பிறகு வைக்கலாம். நகர்வதை முதலிற் கீறு, நகராததைப் பின்பு கீறு என்பது நாம் கண்டுகொண்ட முறை. வாடியும் தென்னையும் காத்து நிற்கும். மடி கரைக்கு வந்ததும் மனிதர் காத்து நிற்க மாட்டார்.

கதிர்காம உற்சவத்துக்குப் பாத யாத்திரை போகிறவர்கள் நம் ஊரைக் கடந்துதான் உகந்தைக்குப் போகிறார்கள். யாழ்ப்பாணத்துச் செல்வச்சந்நிதியிலிருந்தே நடந்து வருகிறவர்களும் உண்டு. நடக்கிறவர்களைக் கீறுவது கடினம். இளைப்பாறும் இடத்திற் கீறலாம். அங்கே நாம் பெரும்பாலும் கீறியவை கால்களும் மூட்டைகளுமே. ஓர் அம்மையார் நெடுநேரம் பார்த்திருந்துவிட்டு, "என்ட மூட்டையையும் கீறு மனே, அதுதான் என்னோட முழுத்தூரமும் வருகுது" என்றார். அந்த மூட்டை எம் கொப்பியில் இருக்கிறது. அவர் பெயரைக் கேட்டு எழுதுமுன் கூட்டம் எழுந்து நடந்துவிட்டது.

கல்முனைப் பக்கம் போனால் வேறொரு பாடம். மருதமுனையில் கைத்தறி நெய்யும் வீடொன்றின் வாசலில் நின்று தறியைக் கீற அனுமதி கேட்டோம். உள்ளே இருந்தவர், "என்ன தம்பி, கணக்கெடுக்க வந்தீங்களா?" என்றார். கொப்பியோடு வருகிறவர்கள் எல்லாம் அரசாங்கத்து ஆட்கள் என்பது அவர் அனுபவம்.

"இல்லை காக்கா, தறியைக் கீறத்தான் வந்தோம்."

"கீறுங்க. என்ட முகம் வேணாம். கை தெரிஞ்சாப் போதும்."

அவர் மார்க்க ஒழுக்கத்தின்படி சொன்னார். நாம் அப்படியே செய்தோம். அந்தப் படத்தில் முகமில்லை. ஓடத்தை எறியும் கையும், மிதியில் ஊன்றிய காலும், நீண்டு கிடக்கும் பாவும் இருக்கின்றன. பார்த்தவர்கள் எல்லாரும் நெசவாளியைத்தான் பார்க்கிறார்கள். முகம் எங்கே என்று எவரும் கேட்கவில்லை. நம் கோயில்களிலும் இதே மரியாதை வேண்டும். மூலஸ்தானத்தை நாம் கீறுவதில்லை. வெளி மண்டபத்தைக் கீறுவதானாலும் வண்ணக்கரிடம் கேட்ட பின்பே கொப்பியைத் திறக்கிறோம். கேளாமல் கீறுவது, கேளாமல் ஒருவர் வளவுக்குள் நுழைவதைப் போன்றது.

"கையிலே தொலைபேசி இருக்கிறதே, ஒரு நிமிடத்தில் நூறு படம் எடுக்கலாமே" என்று கேட்கிறார்கள். எடுக்கலாம்; நாமும் எடுக்கிறோம். அந்த நூறையும் பிறகு யார் பார்க்கிறார்கள்? அதைவிட முக்கியமான வேறுபாடு ஒன்று உண்டு. தொலைபேசியோடு நிற்பவன் படமெடுத்ததும் போய்விடுகிறான். கீறுகிறவன் நாற்பது நிமிடம் அங்கே இருக்க வேண்டும். நாற்பது நிமிடம் இருந்தால் அந்த இடம் பேசத் தொடங்கும் என்று கவிதையாய்ச் சொல்ல எமக்கு விருப்பமில்லை. மனிதர் பேசத் தொடங்குகிறார்கள், அதுவே நாம் கண்டது. என்ன கீறுகிறாய் என்று கேட்க வந்தவர், தம்முடைய தகப்பனார் காலத்தில் அந்த இடத்தில் என்ன இருந்தது என்று சொல்லாமற் போவதில்லை.

இந்த மண்ணில் அப்படி நாற்பது நிமிடம் இருக்கக் கிடைப்பதே எளிதாய் வந்த காரியமன்று. 2009இல் யுத்தம் முடியும்வரை, ஒரு வாலிபன் கொப்பியும் பென்சிலுமாகப் பாலத்தருகே நின்று கோடு போட்டிருந்தால் அவனை என்ன கேட்டிருப்பார்கள், எங்கே கொண்டுபோயிருப்பார்கள் என்பதை முன்வரிசையில் இருப்பவர்கள் எம்மைவிட நன்றாக அறிவீர்கள். அந்த ஆண்டுகளில் நம் கரையைப் பார்த்துக் கீறிய படங்கள் கிடைக்குமா என்று தேடிக்கொண்டிருக்கிறோம். எவர் வீட்டுப் பெட்டியிலாவது ஒன்று இருந்தால் தயவுசெய்து தெரிவியுங்கள்.

அதன் நடுவே 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. இலங்கையில் அன்று மிக அதிகமான உயிர்களைப் பறிகொடுத்தது நம் அம்பாறை மாவட்டம். எம் எட்டுப் பேரில் மூவர் அன்று தொட்டிலில். மற்ற ஐவர் பிறக்கவில்லை. ஆகவே பழைய கோமாரிக் கரையை எம்மில் ஒருவரும் பார்த்ததில்லை. வீடுகளோடு வீட்டுப் படங்களும் போயின. கலியாண அல்பங்கள் போயின. அலுமாரிக்குள் இருந்த பாடசாலைப் படங்கள் போயின. வீடும் இல்லை, வீடு எப்படி இருந்தது என்று காட்டவும் இல்லை.

கரையில் மணலுக்குள் அரைவாசி புதைந்த சீமெந்துத் தளம் ஒன்று உண்டு. ஒரு காலையில் அதைக் கீறிக்கொண்டிருந்தோம். எமக்கு அது வெறும் தளம். விளிம்பிலே ஒரு படி, படியருகே அடம்பன் கொடி. அவ்வழியே வந்த பெரியவர் ஒருவர் நின்றார். சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, படிக்கு வலப்பக்கம் திண்ணை இருந்தது என்றார். திண்ணையில் யார் இருப்பார் என்றும் சொன்னார். அந்தப் பெயரை இந்த மேடையிற் சொல்ல மாட்டோம். அவர் சொன்ன இடத்தில் திண்ணையைப் புள்ளிக்கோட்டாற் கீறினோம். இருப்பதை முழுக்கோட்டாலும், இருந்ததாகச் சொல்வதைப் புள்ளிக்கோட்டாலும் கீறுவது என்று அன்றைக்கே முடிவு செய்தோம். கண்டதற்கு உண்மையாய் இருக்க வேண்டுமல்லவா?

அடுத்த கிழமை அவர் இன்னும் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு வந்தார். அதன்பின் நாம் போகும் நாளெல்லாம் யாராவது வருகிறார்கள். ஒவ்வொருவரும் ஒவ்வொரு இடத்தில் நின்று கைகாட்டுகிறார்கள். அந்த இடத்தில் நாம் உட்கார்ந்து கீறுகிறோம். வீட்டு மேசையில் வைத்துக் கேட்டபோது ஞாபகம் வராத விஷயங்கள், கடலைப் பார்த்து நின்றதும் அவர்களுக்கு வருகின்றன. ஒரு பெரியம்மா பத்து அடி நடந்துபோய், "இஞ்சதான் குசினி" என்று காலால் மணலில் கோடிட்டுக் காட்டினார். அவர் காலாற் போட்ட கோட்டை நாம் பேனையாற் பெயர்த்தோம்.

இப்படிச் சேர்ந்தவற்றை வைத்து, நாலு பெரிய கடதாசிகளை ஒட்டி ஒரே படமாகச் செய்திருக்கிறோம். இடப்பக்கம் களப்பு, வலப்பக்கம் கடல், நடுவே பழைய கரை. முழுக்கோடு கொஞ்சம், புள்ளிக்கோடு மிக அதிகம்.

பெற்றோர்களுக்கும் ஒரு வார்த்தை. பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை ஞாயிற்றுக்கிழமையில் கொப்பியோடு திரிகிறானே, இது சோறு போடுமா என்று கேட்கிறீர்கள். நியாயமான கேள்வி. கல்லடியில் சுவாமி விபுலானந்தா அழகியற் கற்கைகள் நிறுவகம் இருக்கிறது. சித்திரத்தைப் பட்டப்படிப்பாகவே அங்கே படிக்கலாம். ஆனால் எட்டுப் பேரும் ஓவியராக வேண்டும் என்று நாம் கேட்கவில்லை. எம்மில் ஒருவர் கணக்கியல் படிக்கிறார், இன்னொருவர் வயலுக்குப் போகிறார். வாரத்தில் ஒன்றரை மணித்தியாலம் கேட்கிறோம், அவ்வளவே. பெண்பிள்ளைகளையும் அனுப்புங்கள். குசினியும் கிணற்றடியும் எப்படி இருந்தன என்று கேட்டு வாங்க எமக்குத் தெரியவில்லை. அம்மாமார் அவற்றை அவர்களிடந்தான் விரிவாகச் சொல்வார்கள்.

கடைசியாக ஒரு வழக்கு தீராமல் இருக்கிறது. பழைய கரையில் எல்லாரும் தண்ணீர் அள்ளிய நல்ல தண்ணீர்க் கிணறு, தாழம்பற்றைக்குக் கிழக்கே என்று மூவர் சொல்கிறார்கள். மேற்கே என்று இருவர் உறுதியாய் நிற்கிறார்கள். ஐவரும் அந்தக் கிணற்றில் தண்ணீர் அள்ளியவர்கள். ஆகையால் அந்த இடத்தை இன்னும் வெறுமையாகவே விட்டிருக்கிறோம். கூட்டம் முடிந்ததும் அந்தப் படம் வாசலருகே மேசையில் விரித்திருக்கும். பக்கத்தில் பென்சில் இருக்கும். ஐம்பது வயதுக்கு மேற்பட்டவர்கள் தேத்தண்ணீர் குடிக்கப் போகுமுன் அந்த மேசைக்கு வந்து போகும்படி கேட்டுக்கொள்கிறோம்.